அடுத்த மார்கழியில் டெனார்

“ஆவணி, மூன்றாம் ஞாயிறு. பாலவனத்தம் கல்யாணம், மாலை ஊர்வலம். இரண்டாவது பாட்டின் சரணத்தில் மாப்பிள்ளை மேல் சுரத்துக்குப் போகவில்லை. கீழேயே சுற்றி வந்து முடித்துவிட்டார். கூட்டத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மேகமூட்டம், மழை இல்லை.”

என் நாட்குறிப்பில் உள்ள வரிகள் இவை. கொரோனாவுக்குப் பிறகு கல்யாண ஊர்வலங்கள் மறுபடியும் தெருவுக்கு வந்த முதல் பருவம் அது. நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த ஷிப்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதியே வயதைக் கழித்தவன் நான். நாளும் கிழமையும் போட்டு எழுதாவிட்டால் ஒரு விஷயம் நடந்ததாகவே எனக்குத் தோன்றுவதில்லை. ஆனால் அன்று அந்த வரியை எழுதும்போது, நான் எழுதுவது ஒரு நோயின் முதல் நாளை என்று எனக்குத் தெரியாது. பாட்டைப் பற்றி எழுதுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை என்று நான் குறிப்பிடுவது என் தங்கையின் கணவரை. திருச்சுழிக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியில் கொஞ்சம் நிலமும் சில ஆடுகளும் வைத்திருந்தவர். அதைவிட, எங்கள் பேண்டு செட்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர். அவர் இறந்து இது இரண்டாவது ஆண்டு.

பேண்டு செட்டில் நான் பெரிய டிரம். ஊர்வலத்தில் முன் வரிசையில் ஆல்டோவும் மாஸ்டரின் டிரம்பெட்டும் போகும். அடுத்து கிளாரினெட்டுகள், டெனார் சாக்ஸபோன் இருந்தால் அதுவும். கடைசியில் தோல் வாத்தியங்கள். அதனால் இத்தனை ஆண்டுகளில் மாப்பிள்ளை வாசிக்கும்போது நான் பார்த்ததெல்லாம் அவருடைய பிடரியைத்தான். மேல் சுரத்துக்கு ஏறப்போகிறார் என்றால் காதுக்குக் கீழே ஒரு நரம்பு முன்கூட்டியே புடைக்கும். அதைப் பார்த்து நான் அடியைக் கூட்டுவேன். தெருவில் நின்று கேட்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் பிடரியைப் பார்த்தேன். அவர் வாயை யாரும் பார்க்கவில்லை. வாயில் எப்போதும் வாத்தியம் இருந்தது.

அந்தப் பாலவனத்தம் ஊர்வலத்தில் நரம்பு புடைத்தது. நானும் அடியைக் கூட்டினேன். சுரம் மட்டும் வரவில்லை.

எங்கள் பக்கத்து செட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆல்டோ வாசிக்கிறவர் கடைசிவரை ஆல்டோ வாசிப்பதில்லை. ஒரு கட்டத்தில் மேல் சுரம் நழுவும், முன்பல் ஆடும், வாய் எரியும். இந்த மூன்றில் இரண்டு வந்துவிட்டால் டெனாருக்கு மாற வேண்டும் என்பார்கள். டெனார் உடம்பில் பெரிய வாத்தியம், குரலில் கனத்தது. உதட்டை அத்தனை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், தளர்ந்த வாய்க்கும் அது பேசும் என்பது எங்களவர்களின் நம்பிக்கை. ஆனால் டெனாருக்குப் போகிறவர் முன் வரிசையை விட்டு இரண்டாம் வரிசைக்குப் போகிறார். பாட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஆல்டோ. டெனார் அதற்குக் கீழே நின்று தாங்கிக்கொடுக்கும். அப்படிப் போனவர் திரும்பி முன்னால் வந்ததாக எங்கள் வட்டாரத்தில் பேச்சே இல்லை.

மாறுவதற்கு உரிய மாதம் மார்கழி. கல்யாணம் கிடையாது. கை பழகுவதற்கு ஒரு மாதம் கிடைக்கும். ஆல்டோவில் வைக்கும் விரலை அப்படியே டெனாரில் வைத்தால் வேறு சுருதி பேசும் என்பதால், தெரிந்த பாட்டையெல்லாம் விரலில் மாற்றிப் போட்டுப் பழக வேண்டும். அப்படிப் பழகியவர் டெனாரை முதன்முதலாக வெளியே வாசிப்பது கல்யாணத்தில் அல்ல, சாவு வீட்டில். அழுகைச் சத்தத்தில் பிசிறு தெரியாது என்பது காரணம். ஆக, டெனாரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சாவுக்காகக் காத்திருப்பார்கள். இதை யாரும் தவறாக நினைப்பதில்லை. வயலை உழுது போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பது போல இயல்பாகவே பேசிக்கொள்வார்கள்.

அந்த ஆண்டு கார்த்திகை முடிவில் பேச்சை முதலில் எடுத்தவர் மாஸ்டர். செட்டை நடத்துகிறவர், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். அருப்புக்கோட்டையில் வாத்தியங்களைப் பூட்டி வைக்கும் அறையின் வாசலில் நின்று கேட்டார்.

“என்னப்பா, மேல போக மாட்டேங்குற? மார்கழி வருது. மாறிக்கிறியா?”

“ஏண்ணே, என்னைய ரெண்டாம் வரிசைக்கு அனுப்பிட்டு முன்னால யாரை நிறுத்தப் போறிய? மச்சானையா?” மாப்பிள்ளை என்னைக் காட்டிச் சிரித்தார். “அவரு டிரம்மைத் தூக்கிக்கிட்டு முன்னால போனா பொண்ணு மாப்பிள்ளை மறைஞ்சு போவாக.”

எல்லோரும் சிரித்தோம். அடுத்த மார்கழி பார்த்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. மாஸ்டர் உள்ளூர மகிழ்ந்திருப்பார். ஆல்டோவுக்கு வேறு ஆள் அவரிடம் அப்போது இல்லை.

மாப்பிள்ளைக்குப் பாக்குப் பொட்டலம் போடும் பழக்கம் இருந்தது. தடை செய்த சரக்குதான். ஆனால் பந்தல்குடிச் சாலையில் லாரிகள் நிற்கும் கடைகளில் கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கும். அவர் அதைப் போதைக்காகப் போட்டதாக நான் நினைக்கவில்லை. சாக்ஸபோனின் ரீடு ஒரு நாணல் தகடு. அது ஈரமாக இருந்தால்தான் பேசும். எங்கள் ஊர் வெயிலில் ஒரு தெரு நடப்பதற்குள் வாய் காய்ந்துவிடும். பாக்கை ஒதுக்கிக்கொண்டால் எச்சில் ஊறும். வாசிப்பதற்கு முன்னால் பாக்கு, பாட்டுக்குப் பாட்டு பாக்கு. செட்டில் ஊதுகிற பாதிப் பேரிடம் இந்தப் பழக்கம் உண்டு. அதைப் பழக்கம் என்றுகூட அவர்கள் சொல்வதில்லை. கிளாரினெட்டுக்கு எண்ணெய் போடுவது போல அதுவும் ஒரு வேலை. “வாய்க்கு ஈரம்” என்பார்கள்.

அடுத்த ஆண்டு மாசியில் நான் எழுதிய இன்னொரு வரி: “மாப்பிள்ளை நரிக்குடி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். விசில் அடிக்கவில்லை.” இதை ஏன் எழுதினேன் என்றால், இரண்டு விரலை நாக்கடியில் மடக்கி அவர் அடிக்கும் விசில் அந்தச் சாலையில் எல்லா டிரைவருக்கும் தெரிந்த ஒன்று. திரும்பிவிட்ட பஸ்கூட நிற்கும். அன்று அவர் கையை மட்டும் ஆட்டினார், பஸ் போயே போய்விட்டது. “என்ன மாப்ள, விசிலையும் அடகு வெச்சுட்டியளா?” என்றேன். “வயசாயிருச்சு மச்சான். இனி நம்மளைப் பாத்துத்தான் பஸ்ஸு நிக்கணும், கேட்டு நிக்கக் கூடாது” என்றார்.

அதே கோடையில் அவர் சோற்றில் குழம்பு ஊற்றிக்கொள்வதை விட்டார். கல்யாணப் பந்தியில் எங்களோடு உட்காருவார். மோர் வரும்வரை இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாம்பார்கூட எரிகிறது என்றார். எரிவது என்றால் எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ரீடுதான். ஆல்டோவைக் கடித்துக் கடித்து உதட்டின் உள்புறம் புண்ணாகியிருக்கும் என்று மாஸ்டர் சொன்னார். நானும் அப்படியே நினைத்தேன். எதையும் படித்துத் தெரிந்துகொள்ளும் வழக்கம் உள்ளவன் என்பதால், நூலகத்திலிருந்து ஊது வாத்தியங்களைப் பற்றிய ஒரு பழைய நூலை எடுத்து வந்து, உதடு, பல், காற்று ஆகியவற்றைப் பற்றி அவரிடம் ஒரு மாலை முழுவதும் பேசினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். அந்த நூலில் கன்னத்தைப் பற்றி ஒரு வரி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்படி மேல் சுரம் நழுவியது, வாய் எரிந்தது. மூன்றில் இரண்டு. எங்கள் கணக்குப்படி அவர் டெனாருக்கு மாற வேண்டிய காலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டிலும் செட்டிலும் நாங்கள் வாதாடியதெல்லாம் எப்போது மாறுவது என்பதைப் பற்றி மட்டுமே. என் தங்கை உடனே மாறச் சொன்னாள். கஷ்டப்பட்டு ஊதுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. மாஸ்டர் இன்னும் ஒரு பருவம் என்றார். நான் மார்கழி என்றேன், வழக்கம் அது என்பதால். புரட்டாசியில் மாப்பிள்ளையே பந்தல்குடிக்குப் போய், செட்டை விட்டுவிட்டுக் கடை போட்டிருந்த ஒரு பழைய வாத்தியக்காரரிடம் கைமாறிய டெனார் ஒன்றை வாங்கி வந்தார். பெட்டியோடு பரணில் ஏற்றினார். அதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் நிம்மதி. ஆள் முடிவெடுத்துவிட்டார் என்று நினைத்தோம்.

மார்கழி வந்தது. பெட்டி இறங்கவில்லை.

நான் நேரில் போய்க் கேட்டேன். வீட்டு முற்றத்தில் ஆட்டுக்குட்டிக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்ள, டெனாரு பரண்ல முட்டையா போடுது?”

“இருக்கட்டும் மச்சான். வைகாசில புள்ளைக்கு முகூர்த்தம் வெச்சிருக்கம்ல. மாப்பிள்ளை அழைப்புக்கு நான் முன்னால நிக்கணும். ஒரே ஒரு பாட்டு. அது முடிஞ்ச மறுநாளே மாறிக்கிறேன்.”

“பொண்ணைப் பெத்தவன் சம்பந்தி கார் முன்னால ஊதிக்கிட்டா வருவான்? நாலு பேரு சிரிப்பாகல்ல?”

“சிரிக்கட்டும். அவுக புள்ளையை அழைச்சிட்டு வர்றது என் செட்டு. என் செட்டு போகயில நான் பந்தலுக்குள்ள உக்காந்து சந்தனத்தை நீட்டிக்கிட்டு இருக்கவா?”

என் தங்கை அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். “சொன்னாக் கேக்க மாட்டாக அண்ணே. சோத்தைப் பிசைஞ்சு குழந்தைக்கு ஊட்டுறது மாதிரி திங்கிறாக. இதுல பாட்டு ஒண்ணுதான் கொறைச்சல்.”

அவர் குட்டியின் கழுத்தில் கயிறு இறுகியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அந்த ஒரு பாட்டு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் புரிந்தது. அவர் மகள், எனக்கு மருமகள், பள்ளிக்கூடம் போன காலத்தில் “பேண்டுக்காரன் மக” என்று கேலி கேட்டு வளர்ந்தவள். அவர் எந்தக் கல்யாணத்திலும் விருந்தாளியாக நுழைந்ததில்லை, வாசிக்கத்தான் நுழைந்திருக்கிறார். மகள் கல்யாணத்தில் மட்டும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஒளிந்துகொள்வதை அவர் விரும்பவில்லை. முன் வரிசையில், ஆல்டோவோடு, பெண்ணின் அப்பாவாகவும் நின்று காட்ட வேண்டும் என்று நினைத்தார். டெனாரோடு இரண்டாம் வரிசையில் நின்று அல்ல. இதைவிட நியாயமான ஆசை இருக்க முடியாது என்று நானும் என் கட்சியை விட்டுக்கொடுத்தேன்.

வைகாசியில் அருப்புக்கோட்டையில் கல்யாணம் நடந்தது. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பையன் வீட்டார் நரிக்குடிப் பக்கம். பட்டு வேட்டி, புதுச் சட்டை, கழுத்தில் ஆல்டோவின் வாரோடு மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றதும் பையனின் சித்தப்பா ஒருவர் சத்தமாகவே சொன்னார்.

“என்ன சம்பந்தி, நீங்களே ஊதுறியளா? சீர்வரிசையில இதுவும் ஒண்ணா?”

“ஆமா சம்பந்தி. மத்ததெல்லாம் எண்ணிப் பாத்து வாங்குவிய. இதைக் கேட்டு வாங்கிக்கங்க” என்றார் மாப்பிள்ளை. பையன் வீட்டார் பக்கமே சிரிப்பு எழுந்தது. சித்தப்பாவும் சிரித்துவிட்டார்.

பேசும்போது உதடு அதிகம் அசையாததை அன்று நான் பார்த்தேன். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு பாட்டு வாசித்தார். நான் வழக்கம்போல் பின்னால் இருந்தேன். பிடரி நரம்பு புடைத்தது, புடைத்தபடியே இருந்தது. பாட்டு மேலே போகவில்லை. வாத்தியத்தின் முனையை அவர் முன்பெல்லாம் நன்றாக உள்ளே வாங்கிப் பிடிப்பார். அன்று நுனியை மட்டும் பிடித்திருந்தார் என்று பக்கத்தில் நின்ற மாஸ்டர் பிறகு சொன்னார். ஒலி மெல்லியதாக, காற்றும் கலந்து வந்தது. அடக்கமாக வாசிக்கிறார், அப்பன் அல்லவா என்று ஜனங்கள் சொன்னார்கள். மண்டபத்தின் மாடி அறையில் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்த என் மருமகள் சில மாதங்கள் கழித்து என்னிடம் சொன்னது வேறு. “அப்பா மேல போவாக, மேல போவாகன்னு காத்துக்கிட்டே இருந்தேன் மாமா. பாட்டு முடிஞ்சிருச்சு.”

சொன்னபடி மறுநாளே அவர் மாறவில்லை. மறுவீடு, விருந்து என்று ஆனி போயிற்று. ஆடியின் முதல் வாரத்தில் ஒரு மதியம் என்னையும் மாஸ்டரையும் வீட்டுக்கு வரச்சொல்லி, எங்கள் எதிரில் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். மார்கழிவரை காத்திருக்கப் போவதில்லை என்றார். மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வாரை மாட்டிவிட்டது அவர்தான்.

டெனார் பித்தளை கறுத்து, ஆனால் நல்ல நிலையில் இருந்தது. ரீடை நனைத்துப் பொருத்தினார்கள். மாப்பிள்ளை அதை வாய்க்குக் கொண்டுபோனார். பல்லில் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. எடுத்துவிட்டு மறுபடி கொண்டுபோனார். மறுபடி தட்டியது. தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் நுழைக்கப் பார்த்தார்.

“மவுத்பீஸு பெருசு மச்சான். எருமைக்குச் செஞ்சிருப்பான் போல” என்றார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. “பெருசெல்லாம் இல்ல. எல்லா டெனாரும் இதான். வாயைத் தொறப்பா.”

“தொறந்துதாண்ணே இருக்கு.”

என் தங்கை கையில் செம்போடு பக்கத்தில் வந்து, குனிந்து, கணவன் முகத்தை முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். “இதுதான் தொறக்குறதா?” என்றாள். அவர் மறுபடியும் திறந்து காட்டினார். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருந்தது. அவ்வளவுதான். ஆல்டோவின் முனை சிறியது. நுனியைப் பிடித்தாலும் பேசும். அதனால் அது அவ்வளவு நாளும் நுழைந்துகொண்டிருந்தது. டெனார் நுழையவில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொன்னார். மாப்பிள்ளை ஒரு விரலை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“சாக்ஸபோன் வாசிக்கிறேம்மா.”

“இந்த வாயை வெச்சுக்கிட்டா?” என்றார் அவர். கேலி இல்லை, அவரால் நம்ப முடியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். காரம் எரிகிறதா? விசில் அடிக்க வருமா? எப்போதிலிருந்து வரவில்லை? மாப்பிள்ளை யோசித்தார். “போன வருசம் மாசி” என்று நான் சொன்னேன். மருத்துவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நான் நாள் குறித்து வைத்ததால் ஒருவருக்குப் பயன் உண்டான இடம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதுவும் சீட்டில் ஒரு வரியாக.

பாக்கும் பொட்டலச் சரக்கும் கன்னத்தின் உள்சதையை நார் போல இறுக்கிவிடும் என்று அவர் சொன்னார். முதலில் எரிச்சல். பிறகு விசில் போகும், ஊத முடியாது, வாய் சுருங்கும். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு புண் இருந்தது. அதை மருத்துவர் வெகுநேரம் பார்த்தார். உடனே மதுரைக்குப் போகச் சொன்னார். நாளைக்கு என்று சொல்லவில்லை.

எரிச்சல், மேல் சுரம், விசில், நுனியைப் பிடித்து வாசித்தது என்று திரும்பும் பஸ்ஸில் நான் மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். அத்தனையும் எங்கள் கண் முன்னால் நடந்தவை. எதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் ஊதுகிறவன் வாய் எரிந்தால் அதற்கு எங்களிடம் ஏற்கனவே ஒரு பதில் இருந்தது: டெனார். வேறு வேலை பார்க்கிற ஒருவன், ஒரு பஸ் டிரைவரோ கொத்தனாரோ, சாம்பார் எரிகிறது, விசில் வரவில்லை என்று சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்போம். மாப்பிள்ளையிடம் மட்டும் மார்கழியா வைகாசியா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

மதுரையில் சதையை வெட்டிச் சோதித்தார்கள். நாங்கள் எதிர்பார்த்த பெயரையே சொன்னார்கள். புரட்டாசியில் கீழ்த் தாடையின் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதன்பின் கதிர்வீச்சு. அந்த மாதங்களைப் பற்றி நான் நிறையக் குறித்து வைத்திருக்கிறேன். இங்கே எழுத விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேச்சு போய்விட்ட பிறகு அவர் படுக்கையில் கம்பளியின்மேல் விரல்களை அசைத்துக்கொண்டே இருப்பார். பழக்கதோஷம் என்று நான் நினைத்தேன். மார்கழியில் ஒருநாள் பார்க்க வந்த மாஸ்டர் சற்று நேரம் கவனித்துவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அது ஆல்டோ விரல் இல்லப்பா. நம்ம மொதப் பாட்டை டெனாருக்கு மாத்திப் போட்டுக்கிட்டு இருக்கான். ஒரு எடத்துல தப்பு வருது. அதே எடத்துக்குத் திரும்பித் திரும்பி வாரான்” என்றார்.

பங்குனியில் இறந்தார். செட்டு வாசித்தது. மாஸ்டர் முன் வரிசையில் ஆல்டோ நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் தனியாக நடந்தார். பாட்டை டிரம்பெட் தூக்கிக்கொண்டு போனது. ஆல்டோ மட்டும் வாசிக்க வேண்டிய அடிகள் வந்தபோது அவர் எதையும் ஊதவில்லை, என் டிரம் மட்டும் தனியாகக் கேட்டது. யாரோ டெனாரை எடுத்து வந்து உடலின் பக்கத்தில் வைக்கலாம் என்றார்கள். என் தங்கை எழுந்து தடுத்தாள். “அவுக வாசிக்காத சாமானை ஏன் வைக்கிறிய?” என்றாள்.

முதல் மார்கழியிலேயே அவர் டெனாரை வாயில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதுரை மருத்துவரிடம் ஒருமுறை கேட்கத் தொடங்கினேன். “அப்பவே வந்திருந்தா…” என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். மீதியைக் கேட்க நான் திரும்பப் போகவில்லை.

இதோடு இந்தக் குறிப்பை முடித்திருக்க வேண்டும். சென்ற தை மாதம் மாஸ்டர் ஒன்று சொன்னார். அதனால் முடிக்க முடியவில்லை. பந்தல்குடியில் டெனாரை விற்றவர், அதற்குப் பிறகு ஏதோ ஒரு கல்யாணத்தில் மாஸ்டரைப் பார்த்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னாராம்: மாப்பிள்ளை வாத்தியத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார், சத்தமே கேட்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்து வந்து “சரியா இருக்கு” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார் என்று. வாத்தியம் வாங்குகிற எவரும் ஒரு சுரமாவது ஊதிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

அது உண்மையானால், டெனார் நுழையாது என்பது அவருக்கு அந்தப் புரட்டாசியிலேயே தெரியும். ஏதோ கெட்டது என்றும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் அதைப் பரணில் ஏற்றி, மார்கழியில் இறக்காமல், வைகாசிவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆல்டோவைக் கீழே வைக்கச் சொல்வார்கள். வைத்தால் அந்த ஒரு பாட்டு இல்லை. அது உண்மை இல்லையென்றால், எங்கள் எல்லோரையும் போல அவரும் டெனாருக்குத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டில் எது என்பது எனக்குத் தெரிய வேண்டும். தங்கையிடம் சொன்னபோது, “தெரிஞ்சு என்ன அண்ணே செய்யப் போறிய? அந்தப் புள்ளைக்கு மட்டும் சொல்லிராதிய” என்றாள். மருமகளுக்கு நான் சொல்லவில்லை.

பந்தல்குடிக்கு இரண்டு முறை போனேன். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். விற்றவர் தூத்துக்குடிப் பக்கம் மகன் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டரிடம் மறுபடி கேட்டேன். அவருக்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அதே பருவத்தில் செட்டுக்கு அங்கே ஒரு கிளாரினெட்டும் வாங்கினோம், வாங்கப் போனவர் வேறு ஆள்; கடைக்காரர் பேசியது அவரைப் பற்றியாகவும் இருக்கலாம் என்கிறார். ஆகவே, பந்தல்குடியில் அன்று என் மாப்பிள்ளை டெனாரை வாயில் வைத்துப் பார்த்தாரா என்பது இதை எழுதும் இந்த நாள்வரை உறுதிப்படவில்லை.